அரிவாள் இல்லாத காவல்

“அரிவாள் இல்ல, குதிரை இல்ல. யாரையும் அடிக்கவும் இல்ல. அப்புறம் எப்படி டீச்சர் அது காவல் சாமி?”

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. தவறு என்னுடையதுதான். மன்ற வேளையில் திரையிட ‘என் பக்கத்து வீட்டு டோட்டோரோ’ என்ற ஜப்பானிய அசைவூட்டப் படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். படத்தை ஓட்டுவதற்கு முன், “இதில் ஒரு பெரிய உருவம் வரும். காட்டுக்குக் காவல். நம்ம ஊர்க் கருப்பசாமி மாதிரின்னு வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று பயிற்சிகளில் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். அதன் விளைவு, 86 நிமிடமும் பிள்ளைகள் அரிவாளுக்காகக் காத்திருந்தார்கள். திரையில் நடந்த பாதியை அவர்கள் பார்க்கவே இல்லை.

படம் தெரியாத ஆசிரியர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மியாசாகி ஹயாவோ இயக்கி, ஸ்டுடியோ ஜிப்ளி தயாரித்து, 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் வெளியானது. கதை நடப்பது 1950-களில், டோக்கியோவை ஒட்டிய கிராமப்புறத்தில். சாட்சுகி, மே என்ற அக்காவும் தங்கையும் அப்பாவுடன் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அம்மா நோயுற்று மருத்துவமனையில் இருக்கிறார். மருத்துவமனைக்குப் பக்கமாக இருக்கலாம் என்றுதான் இந்த இடமாற்றம். வீட்டருகே ஒரு பெருங்கற்பூர மரம். அதன் அடியில் உறங்கும் பேருருவை முதலில் காண்பவள் நான்கு வயது மே. பிறகு அப்பாவிடம் சொல்கிறாள். மறுபடி போய்ப் பார்த்தால் வழியைக் காணவில்லை.

அந்த இடத்தில் அப்பா நடந்துகொள்ளும் விதத்தை நாம் கவனிக்க வேண்டும். ‘கனவு கண்டிருப்பாய்’ என்று அவர் சொல்வதில்லை. நீ சந்தித்தது காட்டின் தலைவராக இருக்கும், எப்போதும் பார்த்துவிட முடியாது என்கிறார். பிறகு பிள்ளைகளை அந்த மரத்தடிக்கு அழைத்துப்போய், மகளைப் பார்த்துக்கொண்டதற்கு மரத்துக்கு நன்றி சொல்லி மூவருமாகக் குனிந்து வணங்குகிறார்கள். அந்த அப்பா ஒரு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் ஆய்வாளர்!

டோட்டோரோ ஜப்பானியரின் பழைய தெய்வம் என்று வகுப்பில் சொல்லிவிடக் கூடாது. எந்தப் பழங்கதையிலும் அது இல்லை. மியாசாகியின் கற்பனை. பெயர்கூட, கதைப்புத்தகத்தில் வரும் ‘ட்ரோல்’ என்ற பூதத்தின் பெயரைக் குழந்தை வாய் குழறிச் சொன்னது. ஆனால் அதைச் சுற்றியிருப்பதெல்லாம் மரபிலிருந்து வந்தது. மரம், மலை, அருவி, பாறை என எதிலும் ‘காமி’ உறையலாம் என்பது ஷிந்தோ நம்பிக்கை. ‘எண்பது இலட்சம் காமிகள்’ என்ற வழக்கே உண்டு. எண்ணற்றவை என்பது பொருள். அப்படிப்பட்ட மரத்தை வைக்கோலில் முறுக்கிய தடித்த கயிற்றால் சுற்றியிருப்பார்கள். மடித்த வெள்ளைத் தாள்கள் அதில் தொங்கும். ‘ஷிமெனாவா’ என்று பெயர். படத்தில் அந்தக் கயிற்றை எத்தனை பேர் கவனித்தீர்கள் என்று கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன. படத்தில் வரும் பூனைப் பேருந்துக்கும் மரபில் வேர் உண்டு: வயது முதிர்ந்த பூனை உருமாறும் ஆற்றல் பெறும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. பன்னிரண்டு கால்களில் ஓடும் அந்தப் பேருந்தை வரையச் சொன்னால் வகுப்பே சொர்க்கமாகிவிடும். அதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் வகுப்புக்கு ஒரு கற்பூர வில்லை கொண்டுபோனேன். கொளுத்தவில்லை. முகர்ந்து பார்க்க மட்டும் கைமாற்றினோம். “கோயில் வாசனை” என்றார்கள். இந்த வாசனைக்கு முதல் ஊற்று படத்தில் வரும் அந்த மரம்தான் என்றதும் நம்பவில்லை. கற்பூர மரத்தின் கட்டையைச் சிறு சிராய்களாகச் சீவி, நீராவியில் வடித்து எடுப்பது பழைய முறை. ஒரு நூற்றாண்டுக்கு முன் உலகச் சந்தையின் கற்பூரத்தில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்தும் அன்று அதன் ஆட்சியிலிருந்த தைவானிலிருந்தும் சென்றது. இன்று கடையில் வாங்குவது பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து வேதிமுறையில் செய்தது. ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை பதங்கமாதலுக்கு அதே வில்லையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் திரும்பி வரவில்லை.

காவல் என்றால் என்ன என்ற கேள்வி அங்கேயே நின்றது. ஒசாக்கா நகருக்கு அருகில் கயாஷிமா என்றொரு ரயில் நிலையம் உண்டு. அங்கே ஏறத்தாழ 700 ஆண்டு வயதுடைய கற்பூர மரம் ஒன்று நிற்கிறது. 1970-களின் தொடக்கத்தில் நிலையத்தை விரிவாக்கும்போது மரத்தை வெட்டத் திட்டம். ஊர் மக்கள் எதிர்த்தார்கள். வெட்டினால் தீங்கு வரும் என்ற பேச்சும் பரவியது. கடைசியில் உயர்த்திக் கட்டிய நடைமேடையில் திறப்பு விட்டு, மரத்தைச் சுற்றியே நிலையத்தை எழுப்பினார்கள். இன்றும் மரம் நடைமேடையைத் துளைத்து, கூரைக்கு மேலே கிளை விரித்து நிற்கிறது. இதைக் கரும்பலகையில் வரைந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “இதுல மரம் ஊரக் காக்குதா, ஊரு மரத்தக் காக்குதா டீச்சர்?” அந்தக் கேள்வியை நான் சார்ட்டில் எழுதி ஒட்டிவைத்தேன். இன்னும் அங்கேயே இருக்கிறது.

உயர்நிலை வகுப்பில் சமூக அறிவியல் எடுப்பவர்கள் இங்கிருந்து மினாகாத்தா குமாகுசுவின் கதைக்குப் போகலாம். 1867-இல் பிறந்த இயற்கையியலாளர். ‘குசு’ என்றால் கற்பூர மரம். தம் வட்டாரத்துக் கோயிலில் வணங்கப்பட்ட கற்பூர மரத்தின் பெயரைக் குழந்தைகளுக்குச் சூட்டும் வழக்கப்படி வந்த பெயர் அது. 1906-க்குப் பின் ஜப்பானிய அரசு சிறு கோயில்களை ஒன்றாக இணைக்கத் தொடங்கியபோது, சுமார் 70 ஆயிரம் கோயில்கள் மறைந்தன. கோயில் போனதும் அதைச் சூழ்ந்த காவல் காடும் மரக்கடைக்குப் போனது. குமாகுசு கடிதங்களாலும் கட்டுரைகளாலும் போராடினார். 1910-இல் ஒரு கூட்டத்தில் தகராறு செய்ததற்காகச் சிறைப்பட்டார். தெய்வம் குடியிருக்கிறது என்ற நம்பிக்கை காத்துவந்த காட்டை, நுண்ணுயிர் ஆராய்ந்த ஒருவர் அறிவியலின் பெயரால் காக்க முயன்றார். ஒன்பதாம் வகுப்பில் இதை வைத்து நல்ல விவாதம் நடத்தலாம்.

எங்கள் வகுப்புக்கு வருகிறேன். படம் முழுவதையும் மறுபடி போட நேரமில்லை. பேருந்து நிறுத்தக் காட்சியை மட்டும் போட்டேன். இந்த முறை ‘அது மாதிரி, இது மாதிரி’ என்று எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு வேலை கொடுத்தேன்: டோட்டோரோ செய்வதை வினைச்சொற்களாக மட்டும் எழுதுங்கள்.

இரவு. மழை. குடை எடுத்துப்போகாத அப்பாவுக்காகச் சாட்சுகி நிறுத்தத்தில் நிற்கிறாள். தங்கை அவள் முதுகில் உறங்குகிறாள். பேருந்து வரவில்லை. இருட்டு கூடுகிறது. அப்போது பக்கத்தில் வந்து நிற்கிறது டோட்டோரோ, தலையில் ஓர் இலையோடு. சாட்சுகி அப்பாவின் குடையைக் கொடுக்கிறாள். குடைமேல் விழும் துளியின் ஓசை அதற்குப் பிடித்துப் போகிறது. ஒரு குதி குதித்து, மரத்திலிருந்த நீரையெல்லாம் மொத்தமாகக் கொட்டவைத்து ரசிக்கிறது. பிறகு இலையில் பொதிந்த விதைகளைக் கொடுத்துவிட்டுப் பூனைப் பேருந்தில் ஏறிப் போய்விடுகிறது.

வந்தது, நின்றது, பார்த்தது, பிடித்தது, கேட்டது, குதித்தது, சிரித்தது, கொடுத்தது, போனது. பிள்ளைகளின் பட்டியல் இது. நடுவே ‘வந்தது’ சரியா, ‘வந்தார்’ சரியா என்று உயர்திணை அஃறிணைச் சண்டை வேறு. ஜப்பானிய மொழியில் வினைச்சொல் திணை, பால் காட்டாது என்பதால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டை வராது என்றேன். “அவங்களுக்கு இலக்கணப் பரீட்சை ஈசி” என்றான் ஒருவன்.

பட்டியலில் ‘அடித்தது’ இல்லை, ‘வென்றது’ இல்லை, ‘காப்பாற்றியது’கூட இல்லை. அரிவாள் கேட்டவன் அதைத்தான் பிடித்துக்கொண்டான். “சும்மா நிக்கிறது காவலா?” உடனே பின் பெஞ்சிலிருந்து பதில்: “வாட்ச்மேன் நிக்கத்தான செய்றாரு.” சிரிப்பு அடங்கியதும் ஒரு மாணவி சொன்னாள்: “நான் டியூஷன் விட்டு வர்றப்ப எங்க பாட்டி தெருமுனையில நிப்பாங்க டீச்சர். ஒண்ணும் பேச மாட்டாங்க. சும்மா நிப்பாங்க.” அரிவாள்காரன் அமைதியானான்.

பாடம் அங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். மணி அடித்து எல்லோரும் போனபின் ஒரு சிறுமி நின்றாள். அதிகம் பேசாதவள். “அது அவங்க அம்மாவ நல்லாக்கிடுச்சா டீச்சர்?” என்று கேட்டாள். கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. விசாரித்தேன். அவளுடைய அம்மா மூன்று வாரமாக வெளியூர் மருத்துவமனையில் இருக்கிறார். அவள் அத்தை வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிறாள். எனக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் தினமும் அவள் பெயரை வாசித்தவள் நான்.

‘ஆமாம், நல்லாக்கிடுச்சு’ என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. படத்தின் இறுதியில் பெயர்கள் ஓடும்போது அம்மா வீடு திரும்பும் காட்சி உண்டு, பொய்யும் ஆகாது. ஆனால் அதைச் செய்தது டோட்டோரோ இல்லை. அதனால் அவளோடு சேர்ந்து கதையின் பின்பாதியை நினைவுபடுத்தினேன். அம்மா வீட்டுக்கு வருவது தள்ளிப்போகிறது. அக்கா தங்கைக்குள் சண்டை. அம்மாவுக்குக் கொடுக்கச் சோளக்கதிரை எடுத்துக்கொண்டு மே தனியே கிளம்பி வழி தவறுகிறாள். திக்குத் தெரியாமல் அவள் உட்காரும் இடம், வழியோரத்தில் வரிசையாக நிற்கும் கற்சிலைகளின் அருகே. அவை ‘ஜிசோ’. குழந்தைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் காவல் என்று ஜப்பானியர் நம்பும் பௌத்த உருவம். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். முன்பு ஒருநாள் அக்காவும் தங்கையும் மழைக்கு ஒதுங்கியதும் ஒரு ஜிசோவின் சிறு கூரைக்கடியில்தான். அந்தச் சிலைகளும் எதுவும் செய்வதில்லை. சாட்சுகி அழுதுகொண்டு கேட்கும்போது டோட்டோரோ செய்வது ஒன்றே ஒன்று: பேருந்தை அழைக்கிறது. அது தங்கையிடமும், பிறகு இருவரையும் அம்மா இருக்கும் இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சன்னலில் சோளக்கதிரை வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப அது டாக்டர் இல்ல. பஸ்சு விடுற ஆளு” என்றாள். அன்று மாலை அவளுடைய அத்தையிடம் பேசினேன். பிள்ளை பயந்துவிடும் என்று மருத்துவமனைக்கு அழைத்துப்போகாமல் வைத்திருந்தார்கள். அந்த ஞாயிறு அழைத்துப்போனார்கள்.

மியாசாகியின் தாயும் அவருடைய சிறுவயதில் முதுகெலும்புக் காசநோயால் பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர். இதை முன்பே படித்திருந்தும், வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தப் படத்தைத் திரையிட நினைக்கும் ஆசிரியர்கள் முந்தின வாரமே வீட்டு நிலவரங்களைச் சற்று விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிள்ளை இருந்தால் படத்தை விட வேண்டியதில்லை. முடிந்ததும் அவர்கள் பக்கத்தில் இருங்கள், மணி அடித்தாலும்.

இன்னொன்றையும் வகுப்பில் சொன்னேன். மியாசாகி வாழும் டோக்கோரோசாவா ஊரையொட்டிய சாயாமா குன்றுகள்தான் படத்தின் நிலத்துக்கு ஒரு மூலம். வீட்டுமனைகள் பெருகிக் குன்றின் காடு சுருங்கிவந்தபோது, 1990-இல் மக்கள் நன்கொடை திரட்டித் துண்டு துண்டாக நிலம் வாங்கிக் காக்கும் இயக்கம் தொடங்கியது. பெயருக்கு டோட்டோரோவையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். 1991-இல் முதல் துண்டு. இன்று 50-க்கும் மேற்பட்ட ‘டோட்டோரோ காடுகள்’. யார் யாரைக் காக்கிறார்கள் என்ற சார்ட் கேள்விக்குக் கீழே ஒரு மாணவன் பென்சிலால் ‘ரெண்டும்’ என்று எழுதியிருந்தான். அழிக்கவில்லை.

எல்லாம் முடிந்து புத்தகத்தை மூடும்போது அரிவாள்காரன் கை தூக்கினான். இன்னும் ஒரு சந்தேகமாம். “அப்பா குடைய அது கடைசி வரைக்கும் திருப்பிக் குடுக்கவே இல்லையே டீச்சர்?”

இல்லைதான். இரவில் பறக்கும்போதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.