தடைக்காலம் 61 நாள், கார்டு பொறுப்பது 50 நாள்

ஏப்ரல் 15 வந்தால் காசிமேட்டில் விசைப்படகுகளை வரிசையாக நெருக்கிக் கட்டிவிடுவார்கள். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், கடலுக்குப் போகக் கூடாது. வலை தைப்பதும் இன்ஜினை இறக்கிப் பார்ப்பதும் படகுக்கு பெயின்ட் அடிப்பதும் இந்த நாட்களில்தான். வரவு நின்றுபோகும் காலத்தில்தான் படகுக்காரருக்குச் செலவு கூடுகிறது.

ராயபுரத்தில் சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. போன வருஷம் ஜூன் முதல் வாரத்தில் ஒரு படகு முதலாளி வந்தார். நாலாக மடித்த கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தார். ஏப்ரல் 16-ஆம் தேதி இன்ஜின் உதிரிபாகமும் கயிறும் கார்டில் வாங்கியிருக்கிறார். முதல் ஸ்டேட்மென்ட் மே 5-இல் வந்திருக்கிறது. கட்ட வேண்டிய கடைசி நாள் மே 25. கையில் காசில்லை, மினிமம் டியூ மட்டும் கட்டியிருக்கிறார். இப்போது புது ஸ்டேட்மென்டில் வட்டி ஏறியிருக்கிறது. "அம்பது நாளு வட்டியே கெடயாதுன்னு சொல்லித்தானே சார் கார்டக் குடுத்தாங்கோ?" என்றார்.

இரண்டு பேரும் காலண்டரில் விரல் வைத்து எண்ணினோம். ஏப்ரல் 16-இலிருந்து மே 25 வரை 39 நாள்தான்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று இந்தக் கரை நெடுக கார்டைப் பற்றி உலவும் நம்பிக்கைகளை எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. ஏஜென்ட் சொன்னது, பக்கத்துக் கடைக்காரர் சொன்னது, அரைகுறையாகக் காதில் விழுந்தது எல்லாம் சேர்ந்துதான் இங்கே பல பேர் கார்டு வாங்குகிறார்கள்.

"50 நாள் வட்டி இல்லை"

50 நாள் என்பது உச்ச வரம்பு. ஸ்டேட்மென்ட் போட்ட மறுநாள் வாங்கிய பொருளுக்குத்தான் அது கிடைக்கும். ஸ்டேட்மென்டுக்கு முந்தின நாள் வாங்கினால் 20 நாள் சொச்சம்தான். படகுக்காரர் அதே கயிற்றை ஏப்ரல் 16-க்குப் பதில் மே 7-இல் வாங்கியிருந்தால் அது ஜூன் 5 ஸ்டேட்மென்டில் வந்திருக்கும். ஜூன் 25-க்குள் கட்டினால் போதும். ஜூன் 15-இல் கடல் திறந்துவிடும், முதல் டிரிப் மீன் ஏலம் போய்க் காசு கைக்கு வந்திருக்கும். கார்டு அதேதான், கடையும் அதேதான், தேதி மட்டும் வேறு.

ஆனால் தடைக்காலம் தொடங்கும்போதே செய்தாக வேண்டிய இன்ஜின் வேலைக்கு எந்தக் கார்டும் உதவாது. 61 நாள் பள்ளத்தை 50 நாள் பலகையால் மூட முடியாது. அதற்கு வேறு பணம் வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கார்டு தேர்ந்தெடுக்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த பேங்க், எவ்வளவு லிமிட், என்ன பாயின்ட் என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க பார்ட்டி எத்தனாந்தேதி காசு போடுவாங்க?" ஸ்டேட்மென்ட் தேதியை வாடிக்கையாளர் தம் வசதிக்கு ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வங்கி இடம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மாதம் 10-ஆம் தேதி வாடகைப் பணம் வருகிற டிரெய்லர்காரருக்குக் கட்ட வேண்டிய நாள் 5-ஆம் தேதியில் விழுந்தால் ஒவ்வொரு மாதமும் திண்டாட்டம். அதே நாள் 15-ஆம் தேதிக்குப் போனால் நிம்மதி. இப்படி ஒரு வசதி இருப்பதே இங்கே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

"மினிமம் கட்டினால் போதும், தண்டலுக்கு இது எவ்வளவோ மேல்"

நம்மூரில் வட்டியைச் சதவீதத்தில் யாரும் பேசுவதில்லை. ஒரு வட்டி, மூணு வட்டி, அஞ்சு வட்டி என்றால்தான் புரியும். நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் கார்டு பெரும்பாலும் மூணு வட்டிக்கும் மூணே முக்கால் வட்டிக்கும் நடுவில் நிற்கிறது. அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. பேங்கில் நகையை வைத்தால் ஏறக்குறைய முக்கால் வட்டி. தொழிலுக்கு ஓவர்டிராஃப்டோ (ஓடி) கேஷ் கிரெடிட்டோ (சிசி) வாங்கினால் ஒரு வட்டிக்குப் பக்கத்தில்.

1 லட்ச ரூபாய் பாக்கி என்று வையுங்கள். மூணரை வட்டியில் மாதம் 3,500 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 630, ஆக 4,130. நீங்கள் 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள். அசலில் கழிவது 870 ரூபாய். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முழுப் பாக்கியையும் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அந்த 50 நாள் சலுகை அப்போது கிடையாது.

தண்டலோடு ஒப்பிடுவது நியாயமான கேள்விதான். 10,000 ரூபாய்க்கு 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்கினால், கணக்குப்படி அது ஆறு வட்டிக்கு மேல். கார்டு அதைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்டல்காரர் நோட்டில் நூறாவது நாள் கணக்கு முடிந்துவிடும். மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு போகிற கார்டுக் கணக்குக்கு நூறாவது நாள் என்று ஒன்று இல்லை. மீன் வியாபாரம் பார்க்கும் பெண்கள் தண்டல் வாங்கித் தண்டலைக் கட்டி முடித்துவிடுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பையன்கள் வாங்கிய கார்டுதான் வருஷக்கணக்கில் முடியாமல் கிடக்கிறது. இதை என் மேசையிலேயே பார்க்கிறேன்.

"வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு" என்றும் சிலர் சொல்வதுண்டு. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அப்படிச் சொன்னது உண்மை. 2024 டிசம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

"கம்பெனி பேரில் வாங்கினால் நம் சிபிலில் வராது"

திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருப்பவரும் எண்ணூரில் இரண்டு டிரெய்லர் ஓட்டுபவரும் பெரும்பாலும் தனி உரிமையாளர்கள். பெயர்ப்பலகையில் 'இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் பட்டறையும் முதலாளியும் ஒரே ஆள், பான் எண்ணும் ஒன்றே. பட்டறைக் கார்டில் தவணை தவறினால் மகளின் படிப்புக் கடனுக்கு அப்பாவாகக் கையெழுத்துப் போடும்போது அது எதிரில் வந்து நிற்கும். பிரைவேட் லிமிடெட் ஆக்கியிருந்தாலும், சின்னக் கம்பெனி என்றால் இயக்குநரிடம் சொந்த ஜாமீன் கேட்கிற வங்கிகள் உண்டு. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பாருங்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது கடன் விவரங்களை அனுப்ப வேண்டும் என்பதால், சறுக்கல் சீக்கிரமே பதிவாகிவிடும். சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இதையே திருப்பிச் செய்கிறவர்களும் உண்டு. சொந்தக் கார்டிலேயே பட்டறைக்கு இரும்பு வாங்குவார்கள். ஒரு நிதியாண்டில் கார்டு பாக்கிக்காக 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கட்டினால் அந்தத் தகவல் வருமானவரித் துறைக்குப் போகும். ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சமே போதும். வருமானம் 4 லட்சம் என்று காட்டியவர் கார்டுக்கு 12 லட்சம் கட்டியிருந்தால் கேள்வி வராமல் இருக்காது. தொழிலுக்குத் தனிக் கார்டு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். வட்டி, கட்டணங்களுக்குப் போகும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுக்கவும் வங்கியின் வரி பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். இரும்புக்கடைக்கும் அதேதான். கார்டு ஸ்டேட்மென்ட் பில்லுக்கு ஈடாகாது.

"டீசலைக் கார்டில் போட்டால் லாபம்"

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ஏற்றி வரிசையில் நிற்கும் டிரெய்லர்காரர்களிடம் ஏஜென்ட்டுகள் அதிகம் விற்பது இதைத்தான். எரிபொருள் கூடுதல் கட்டணம் 1 சதவீதம் தள்ளுபடி என்பார்கள். பல கார்டுகளில் அந்தத் தள்ளுபடி 400 ரூபாயிலிருந்து 4,000 அல்லது 5,000 ரூபாய் வரையிலான பில்லுக்குத்தான். பைக்குக்கும் காருக்கும் அது சரி. டிரெய்லருக்கு 200 லிட்டர் அடித்தால் லிட்டர் 92 ரூபாய்க் கணக்கிலேயே 18,400 ஆகிறது. தள்ளுபடி இல்லை, கூடுதல் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியுமாக ஒவ்வொரு தடவையும் 217 ரூபாய் போகும். ரிவார்டு பாயின்டும் பெரும்பாலான கார்டுகளில் டீசலுக்குக் கிடையாது. லாரிக்காரர்களுக்கென்றே எண்ணெய் நிறுவனங்கள் தனிக் கார்டு வைத்திருக்கின்றன: இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், ஹெச்பியின் டிரைவ்டிராக் பிளஸ். அவற்றை முதலில் விசாரியுங்கள்.

இந்தத் தொழிலின் பெரிய நோய் வேறு. பார்ட்டிகள் 60 நாள், 90 நாள் கழித்துத்தான் வாடகை பில்லைத் தீர்க்கிறார்கள். அந்த இடைவெளியைக் கார்டில் ஓட்டினால் பெரிய கம்பெனியின் தாமதத்துக்கு மூணரை வட்டி கட்டுகிறவர் டிரெய்லர்காரராகிறார். உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்கிறது 2006-ஆம் வருஷச் சட்டம். கேட்டால் அடுத்த லோடு கிடைக்காதே என்ற பயம் எனக்கும் புரிகிறது. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்து அனுப்புவதிலாவது தொடங்கலாம்.

"மெஷினில் தேய்த்துக் கேஷ் ஆக்கிக்கொள்ளலாம்"

நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் பிடித்துக்கொண்டு கார்டைத் தேய்த்துக் காசு தருகிற கடைகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். இது கார்டு ஒப்பந்தத்துக்கு விரோதம், கண்டுபிடித்தால் கார்டு போகும். தன் கடை மெஷினிலேயே தன் கார்டைத் தேய்ப்பவருக்கு இன்னொரு வம்பு: நடக்காத விற்பனை அவர் கணக்கில் விற்பனையாக ஏறுகிறது. கார்டு வாங்காத வியாபாரிகளுக்கும் இடையில் ஒரு நிறுவனத்தை வைத்து வணிகக் கார்டிலிருந்து பணம் அனுப்பும் ஏற்பாட்டை 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே நிறுத்தச் சொன்னது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் சேர்த்தாலும் கடைக்காரரின் கியூஆருக்குத்தான் போகும். டிரைவர் பேட்டாவையும் படகாட்களின் பங்கையும் அவரவர் நம்பருக்கு அதில் அனுப்ப முடியாது.

"எங்கள் பின்கோடைப் பார்த்தாலே கார்டு தர மாட்டார்கள்"

600013, 600019, 600057 என்று எழுதும்போதே இங்கே பலருக்குக் கை தயங்குகிறது. அந்த மனக்குறையை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பத்தை மறுத்தால், குறிப்பான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதி. போனில் சொல்லும் "பாலிசி சார்" என்பதோடு விட்டுவிடாதீர்கள், எழுதிக் கேளுங்கள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யாதவர்களுக்கு வைப்புத்தொகையை அடமானமாக வைத்துத் தரும் கார்டு இருக்கிறது. முதல் கார்டுக்கு நான் சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

கேட்காமலே வந்த கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் சம்மதம் இல்லாமல் கார்டு கொடுத்து அதற்குக் கட்டணம் போட்டால் வங்கி அதைத் திருப்பித் தருவதோடு இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். பாக்கியில்லாத கார்டை மூடச் சொல்லி 7 வேலை நாளில் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய்.

"கிசான் கார்டு விவசாயிக்கு; 5 லட்சம் கார்டு சும்மா"

2018-19 மத்திய பட்ஜெட்டிலேயே கிசான் கிரெடிட் கார்டை மீனவர்களுக்கும் விரிவாக்கிவிட்டார்கள். பேரில் கார்டு இருந்தாலும் இது நடைமுறை மூலதனக் கடன்தான். 2 லட்சம் ரூபாய் வரை வட்டி மானியம் உண்டு: வருஷத்துக்கு 7 சதவீதம், சொன்ன நாளில் கட்டினால் 4 சதவீதம். நம்மூர்க் கணக்கில் கால் வட்டியைவிடச் சற்றுக் கூட. ஏப்ரலில் இறக்கும் இன்ஜினுக்கு இதுதான் பணம் என்று நான் அழுத்திச் சொல்வேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டது. அங்கே பிடிக்க மீனும் இல்லை, பிடித்ததை வாங்க ஆளும் இல்லை. அப்படிப்பட்ட காலத்தைத் தாண்ட மூணரை வட்டியை நம்பி இறங்கவே கூடாது.

2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் உத்யம் பதிவுள்ள குறு நிறுவனங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்புள்ள கார்டு, முதல் வருஷம் 10 லட்சம் கார்டுகள் என்று அறிவித்தார்கள். "கவர்மென்ட்டு குடுக்கிறது, கட்ட வேண்டாம்" என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதுவும் கடன்தான், கட்டித்தான் ஆக வேண்டும். உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆதாரும் பானும் போதும். 2,000 ரூபாய் கேட்கிறவரைத் திருப்பி அனுப்புங்கள்.

படகு முதலாளி இந்த வருஷம் மார்ச்சிலேயே வந்துவிட்டார். இன்ஜினுக்குக் கிசான் கார்டு விண்ணப்பம் எழுதினோம். பெயின்டையும் கயிற்றையும் மே 6-க்குப் பிறகுதான் வாங்குவது என்று முடிவானது. மேசைக் காலண்டரைப் புரட்டி ஜூன் 25-ஐ நான் வட்டமிட்டேன். அவர் பென்சிலை என்னிடமிருந்து வாங்கி, 15-க்கும் 25-க்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து, "ஒரு டிரிப்பு" என்று எழுதினார்.