கணிப்புச் சந்தை: ஆறு ரூபாய் விலையின் பொருள்

2022ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அத்தகைய கல்லூரி ஆட்டமொன்றின் முடிவை விலைக்கு வாங்கவும் விற்கவும் இடமளிப்பதே கணிப்புச் சந்தை. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களின் மீது ‘கால்ஷி’ போன்ற நிறுவனங்கள் இதனை நடத்துகின்றன. நம் நாட்டில் ‘ஒப்பீனியன் டிரேடிங்’ என்னும் பெயரில், பெரும்பாலும் கிரிக்கெட்டை ஒட்டி, கைப்பேசிச் செயலிகள் வாயிலாக இது பரவியது.

இதன் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம். ‘முதல் அணி வெல்லுமா?’ என்பது வினா. ‘ஆம்’ சீட்டின் விலை 6 ரூபாய். ‘இல்லை’ சீட்டின் விலை 4 ரூபாய். இருவர் செலுத்திய 10 ரூபாயும் சரியாகக் கணித்தவரைச் சேரும்; மற்றவருக்கு எதுவும் இல்லை. 6 ரூபாய் என்பது, வெற்றிவாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு என்று சந்தை கருதுவதைக் காட்டுகிறது. முக்கிய வீரர் காயமுற்றால் ‘ஆம்’ சீட்டை விற்போர் பெருகுவர்; விலை இறங்கும்.

இனி இலாபக் கணக்கு. 60 விழுக்காடு என்னும் மதிப்பீடு சரியானதே எனக் கொள்வோம். இத்தகைய நூறு ஆட்டங்களில் ஒவ்வொரு ‘ஆம்’ சீட்டு வாங்கினால் செலவு 600 ரூபாய். அறுபதில் வென்றால் வரவும் 600 ரூபாயே. வென்ற சீட்டுகளின் இலாபம் 240 ரூபாய். அதில் நிறுவனம் பத்து விழுக்காடு கட்டணம் பிடித்தால், நமக்கு 24 ரூபாய் நட்டம். சந்தையைவிட நன்றாகக் கணிப்பவருக்கே ஆதாயம் உண்டு. அதுவும் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் இழப்பிலிருந்தே வரும்.

பங்கு முதலீட்டின் பின்னே ஒரு தொழிலும் அதன் வருவாயும் உள்ளன. இங்கு அவை இல்லை. இத்தகைய வணிகம் தன் ஒழுங்குமுறைக்குள் வராது என்றும், முதலீட்டாளர் பாதுகாப்பு இதற்குக் கிடைக்காது என்றும் ‘செபி’ 2025 ஏப்ரலில் எச்சரித்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதைத் தடை செய்கிறது. வங்கிகள் அவற்றுக்குப் பணப்பரிமாற்றம் செய்து தருவதையும் அது தடுக்கிறது.

வாடிக்கையாளர்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே. வெளியூரிலிருந்து வந்து பெங்களூரில் பயிலும் தங்கள் பிள்ளைகளிடம் இக்கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ‘கமிஷன் தருகிறோம், உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு’ என்று எவர் கேட்டாலும் மறுக்கச் சொல்லுங்கள். அக்கணக்கின் வழியே பிறர் பணம் சென்றாலும், விசாரணை கணக்கு உரிமையாளரைத் தேடியே வரும். பணம் ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைத்து, தங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.