புண்ணுக்குப் போடும் பந்தல்

ஆழமான புண் ஆறுவதற்குக் கொலாஜன் எப்படி உதவுகிறது என்று இந்த முறை எழுதுகிறேன்.

கொலாஜன் என்றால் என்ன?

நம் உடம்பில் மிக அதிகமாக உள்ள புரதம் கொலாஜன்தான். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கிறது. மூன்று இழையைச் சேர்த்துக் கயிறு திரிச்ச மாதிரி இருக்கும். இது சரியாகத் திரிய வைட்டமின் சி வேண்டும். அதனால்தான் ஸ்கர்வி நோய் வந்தவர்களுக்குப் புண் ஆறுவதில்லை.

செல்கள் செய்யும் வேலை

தோலில் மேல்தோல், உள்தோல் என்று இரண்டு அடுக்கு உண்டு. சின்னச் சிராய்ப்பு என்றால் மேல்தோல் செல்கள் புண்ணின் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்து மூடிவிடும். ஆழமான தீக்காயத்தில் உள்தோலே போய்விடுகிறது. அப்போது ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து புதுக் கொலாஜனை உண்டாக்கும். ஆனால் அவை புண்ணின் ஓரங்களைச் சேர்த்து இழுக்கவும் செய்யும். தோல் சுருங்கித் தழும்பு கெட்டியாகிவிடும். முழங்கையில் இப்படி ஆனால் கையை நீட்டவே முடியாது. உயிர் பிழைத்தும் வேலை செய்ய முடியாமல் போகிறது.

பந்தல் போட்டவர்கள்

அமெரிக்காவில் டாக்டர் ஜான் பர்க், பேராசிரியர் யான்னஸ் என்ற இருவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மாட்டின் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பில் கிடைக்கும் ஒரு பொருளையும் சேர்த்து, பஞ்சு போல ஓட்டை உள்ள செயற்கைத் தோல் செய்தார்கள். மேலே சிலிக்கோன் படலம். 10 நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்து, 1981-இல் முடிவை வெளியிட்டார்கள்.

அவரைக்கொடி பந்தலைப் பற்றுகிற மாதிரி, ஃபைப்ரோபிளாஸ்ட் செல் தன் மேலுள்ள இன்டக்ரின் புரதத்தால் இழையைப் பிடித்து உள்ளே போகும். பின்னாலேயே ரத்தக் குழாய்களும் வளரும். ஓட்டை ரொம்பச் சின்னதானால் செல் நுழையாது, ரொம்பப் பெரிசானால் பிடிக்க இழை போதாது. சுமார் 20 முதல் 120 மைக்ரோமீட்டர்தான் சரியான அளவு. பல திசையில் பிடித்து நிற்பதால், செல்கள் ஒன்றுசேர்ந்து இழுப்பதும் குறைகிறது.

ஒரு வேடிக்கை! கொடி பந்தலைத் தின்னாது, செல்கள் தின்னும். கொலாஜனேஸ் என்ற நொதியால் மாட்டுக் கொலாஜனைக் கரைத்துக்கொண்டே அங்கே நம் சொந்தக் கொலாஜனை வைக்கும். சில வாரத்தில் உள்தோல் வந்துவிடும். பிறகு சிலிக்கோனை எடுத்துவிட்டு, நோயாளியின் மேல்தோலையே மெல்லிசாக எடுத்து ஒட்டுவார்கள்.

நம் மாநிலத்தில்

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் கொலாஜன் படலம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. நெல் அவிக்கும்போது வெந்நீர் கொட்டிய என் சித்திக்கு ஆஸ்பத்திரியில் கொலாஜன் படலம்தான் ஒட்டினார்கள். "பிய்க்காதீங்க, ஆற ஆற தானா உரிஞ்சி வந்திடும்" என்று நர்ஸம்மா சொன்னார். பிய்த்தால் கீழே ஊர்ந்து வரும் புதுச் செல்களும் சேர்ந்து வந்துவிடும்.

மறக்காதீர்கள்

தீக்காயத்தில் பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் பூசக் கூடாது. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு, சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் போக வேண்டும். ஓரத்தில் உயிரோடு மிஞ்சிய செல்கள்தான் புண்ணை ஆற்ற வேண்டும். அவற்றைக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: வைட்டமின் சி அதிகமுள்ள, நம் ஊரில் கிடைக்கும் மூன்று காய் கனிகள் எவை? விடையைப் பலகையின் கீழே எழுதி ஒட்டுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி