மேசை பத்தலையா? முதலில் கணக்குப் போடுவோம்



"ஆபீசுல உட்கார இடமே இல்லை, பெரிய ரூமா பாருங்க!" கூட்டமைப்புக் கூட்டத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. பெரிய அறை என்றால் அட்வான்ஸ், கூடுதல் வாடகை. அதெல்லாம் நம் சந்தாப் பணத்திலிருந்துதானே போகும்?

1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அன்று மேசை ஏது? பாயில் உட்கார்ந்துதான் கணக்கு எழுதினோம். ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கப் பழகிய நாம், மேசைக்கும் கேட்போமே!

எப்படி அளப்பது?

1. ஒரு நோட்டில் மேசைக்கு ஒரு கட்டம், மணிக்கு ஒரு வரி போடுங்கள்.
2. ஒரு வாரம், மணிக்கு ஒரு தடவை பாருங்கள். ஆள் உட்கார்ந்து வேலை நடந்தால் 1. காலி என்றால் 0. பையோ பழைய லெட்ஜரோ மட்டும் இருந்தால் அதுவும் 0. ஆனால் பக்கத்தில் 'பொருள்' என்று எழுதுங்கள்.
3. வாரக் கடைசியில் 1-களைக் கூட்டுங்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். மேசை 4, தினம் 6 மணி நேரம், வாரம் 6 நாள். 4 × 6 × 6 = 144. இதுதான் நம்மிடம் இருக்கும் மொத்த மேசை நேரம். வேலை நடந்தது 54 என்று வைத்துக்கொள்வோம். 54-ஐ 144-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 37½ சதவீதம். பாதிகூட இல்லை!

"அப்போ இடமில்லைன்னு சொன்னது பொய்யா?" பொய் இல்லை. நாள்வாரியாகப் பாருங்கள். சந்தை நாளில் 24-க்கு 24. மற்ற ஐந்து நாளும் 24-க்கு 6தான். சந்தைக்கு வரும் எல்லோரும் அன்றைக்கே ஆபீசுக்கும் வருகிறார்கள். அன்று காத்துக் கிடக்கும் சகோதரிக்கு அரைநாள் கூலி போகிறது. வாரச் சராசரியை மட்டும் பார்த்தால் அவர் கஷ்டம் தெரியாது.

குறை இடத்தில் இல்லை, நாளில் இருக்கிறது. ஊர் ஊராக நாள் பிரித்துக் கொடுத்தால் ஒரு நாளைக்கு 9 மேசை நேரம்தான் வரும். இருக்கிற மேசையே தாராளம். சந்தை நாளை, அன்று மட்டுமே வர முடிகிற தூரத்து ஊர்களுக்கு விடலாம்.

பெங்களூரு, சென்னை கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் இதே கணக்குதான். 2020-ல் கொரோனா வந்தபின் பலர் வீட்டிலிருந்து வேலை செய்ததால், ஆளுக்கொரு மேசை என்பதை விட்டுப் பங்குபோட்டு உட்கார வைத்த கம்பெனிகள் உண்டு.

ஒன்று மறக்க வேண்டாம். மேசை காலி என்றால் கணக்காளர் சும்மா இருக்கிறார் என்று அர்த்தமில்லை. குழுக் கூட்டத்துக்குக் கிராமத்துக்குப் போயிருப்பார். நாம் அளப்பது மேசையை, ஆளை அல்ல. பணம் எண்ண ஒரு மேசை எப்போதும் தனியாக இருக்கட்டும்.

கூட்டத்தில் பேசுங்கள்:
- நம் ஆபீசில் கூட்டம் நெரியும் நாள் எது? ஏன்?
- எந்த மேசையில் பொருள் மட்டும் உட்கார்ந்திருக்கிறது?
- நாள் மாற்றினால் எந்த ஊருக்குச் சிரமம்?