உப்பு ஏன் சாம்பலாச்சு?

படங்களை விற்றுத் தரும் ஸ்டாக் தளம் ஒன்றுக்கு நான் முதன்முதலாக அனுப்பியவை பத்துப் படங்கள். எல்லாம் தூத்துக்குடி உப்பளத்தில், சித்திரை வெயிலில் எடுத்தவை. ஏழு திரும்பி வந்தன. காரணம் ஒரே வரி: வெளிச்சம் சரியில்லை. எனக்குக் கோபம். அந்த வெயிலில் எடுத்த படத்துக்கே வெளிச்சம் போதவில்லை என்றால் வேறெங்கே போய் எடுப்பது?

ஆறின பிறகு படங்களைத் திறந்து பார்த்தேன். உப்புக் குவியல் வெள்ளையாகவே இல்லை. அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினாற்போல் கிடந்தது.

ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், பிலிம் காலத்திலிருந்து கல்யாணம் எடுப்பவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி, மீட்டருக்கு உப்பும் தெரியாது, கரியும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுவாந்தரமா ஆக்கத்தான் பார்க்கும்" என்றார். கேமரா அளப்பது பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை. சட்டம் முழுக்க வெள்ளை நிறைந்திருந்தால் 'வெளிச்சம் கூடிப்போச்சு' என்று முடிவு செய்து குறைத்துவிடும். கருங்கல் தூணைக் காட்டினால் கூட்டிவிடும். ஆக, வெள்ளைக்கு நாம்தான் கூட்ட வேண்டும், கறுப்புக்கு நாம்தான் குறைக்க வேண்டும். உப்புக்கு ஒன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைத்தால் பாதி) வரை கூட்டியும் கோயில் தூணுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் குறைத்தும் தொடங்குகிறேன். பிறகு பார்த்துத் திருத்திக்கொள்வேன்.

எதைப் பார்த்து என்பதில்தான் அடுத்த அடி விழுந்தது. மறுவாரம் அதே உப்பளம். சுற்றிலும் உப்பு கண்ணைக் கூசச் செய்யும்போது கேமராவின் திரை இருட்டாகத்தான் தெரியும். படம் மங்கலாக இருக்கிறதே என்று இரண்டு ஸ்டாப்புக்கு மேல் கூட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் குவியல் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத்தாள். ஒரு கல்கூட இல்லை. இருட்டில் எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும்: திரை பளிச்சென்று தெரியும், படம் கறுத்திருக்கும். திரையில் தெரியும் படத்தை நம்புவதை அன்றோடு விட்டேன். படத்தின் இருட்டும் வெளிச்சமும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்கிறேன்.

அதைப் படிக்க எனக்கு உதவியதும் அண்ணாச்சியின் பழைய கணக்குதான். "மாப்பிள்ளை வேட்டியில மடிப்பு தெரியணும். பொண்ணு கொண்டையில முடி தெரியணும். ரெண்டும் தெரிஞ்சா படம் நிக்கும்." ஹிஸ்டோகிராமின் வலது சுவர் வேட்டி, இடது சுவர் கொண்டை. வரைபடத்தின் மலை வலது சுவரில் முட்டி ஏறினால் மடிப்பு போச்சு. முட்டாமல், ஆனால் அதை ஒட்டி நிற்கும்படி எடுத்தால் உப்பு உப்பாக இருக்கும். வெளுத்துப்போன இடத்தைத் திரையில் கண்சிமிட்டிக் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அதை எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன். கண்சிமிட்டுவது பித்தளைக் குடத்தின் மினுக்கோ, தண்ணீரில் தெறிக்கும் சூரியனோ என்றால் விட்டுவிடுவேன். அது வெளுக்க வேண்டியதுதான்.

'குறைத்தே எடுத்து வைத்துக்கொள், கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்' என்று பலர் சொல்வார்கள். ரா (RAW) வடிவில் எடுத்தால் ஓரளவு ஏற்றலாம்தான். 14 பிட் ரா கோப்பில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள். ஜேபெக்கில் 256 மட்டுமே. ஆனால் திரும்பி வந்த அந்த ஏழு படங்களில் நான் பிறகு செய்து பார்த்தது இதே வேலைதான். இரண்டு ஸ்டாப் ஏற்றினேன். உப்பு வெளுத்தது, கூடவே உப்பளத் தொழிலாளியின் முகத்து நிழலில் ரவை தூவினமாதிரி நாய்ஸ் கிளம்பியது. நாம் போனில் பார்க்கும் அளவில் அது தெரியாது. பரிசீலிப்பவர்கள் படத்தை நூறு சதவீதத்துக்கு விரித்துப் பார்ப்பவர்கள். அனுப்புமுன் நானும் இப்போது அப்படித்தான், மூலை மூலையாகப் பார்க்கிறேன்.  

வீட்டுத் திரையும் ஏமாற்றும். ராத்திரி விளக்கணைத்து, மானிட்டர் வெளிச்சத்தை முழுதாக வைத்துத் திருத்தினால் எந்தப் படமும் அழகாகத்தான் தெரியும். பக்கத்தில் விளக்கடியில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, திரையின் வெள்ளை அதோடு ஒத்துப்போகும்வரை குறைத்துக்கொண்டேன். பழைய படங்களில் பாதி கறுத்துப்போயின. அவை முதலிலிருந்தே கறுப்புதான்.

சிவப்பு தனி வில்லன். விளாத்திகுளம் பக்கம் களத்தில் காயும் மிளகாய் வற்றலை எடுத்தேன். ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஆனால் வற்றல் தோலின் சுருக்கம் ஒன்றும் இல்லை, சிவப்புச் சாயம் அப்பினது போல. மூன்று நிறத்தையும் சேர்த்துக் காட்டும் வரைபடம் அது. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது சிவப்பு மட்டும் வலது சுவரில் மோதி நின்றது. பட்டுப்புடவைக்கும் செம்பருத்திக்கும் இதே கதி. இப்போதெல்லாம் சிவப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்து எடுக்கிறேன்.

வெள்ளைப் பின்னணியில் இட்லி எடுப்பது பற்றித் தனியாக எழுதலாம். சுருக்கமாக: பின்னணிக்குத் தனி விளக்கு, இட்லியைவிட ஒரு ஸ்டாப், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் போனால் வெளிச்சம் வழிந்து இட்லியின் ஓரத்தைத் தின்றுவிடும்.

மூன்றாம் முறை போய் எடுத்த உப்புப் படம் ஏற்கப்பட்டது, விற்கவும் செய்தது. அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போன் திரையை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.

"கல்லு கல்லாத் தெரியுதே" என்றார். பிறகு, "எவ்வளவு கிடைச்சுது தம்பி?"

டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். அந்தப் படத்தில் கிடைத்ததைவிட டீக்குக் கூடுதலாகக் கொடுத்திருந்தேன்.