எலும்பு குறைந்த மேல்தாடையில் பல் பதித்தல்

பல்லைப் பிடுங்கியதும் தொல்லை தீர்ந்ததென நாம் அமைதியடைகிறோம். ஆனால், பல் இருந்த இடத்து எலும்பு அன்று முதலே தேயத் தொடங்குகிறது. முதல் ஓராண்டிலேயே அதன் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும். மேல்தாடைக் கடைவாயில், கன்னத்தினுள் இருக்கும் காற்றறையும் கீழ்நோக்கி விரிவதால் எலும்பு மேலும் மெலிகிறது.

டைட்டானியம் என்னும் உலோகம் எலும்போடு ஒன்றிவிடும். அதனாலான திருகினைப் பல்வேர் போல் தாடையில் பதிக்கும் முறையைச் சுவீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க் 1965ஆம் ஆண்டில் தொடங்கினார். மண் ஆழமில்லாத இடத்தில் இரப்பர்க் கன்று நிலைக்குமா? மெல்லிய எலும்பில் திருகும் அவ்வாறே நிலைக்காது.

ஆதலின் மருத்துவர் தாடையின் பக்கவாட்டில் சிறு திறப்பு அமைத்து, காற்றறையின் சவ்வை மெல்ல உயர்த்தி, அடியில் எலும்புத் துகளை நிரப்புவார். அது உறுதிப்பட 6 முதல் 9 மாதங்கள் ஆகலாம். அத்துகள் நம் சொந்த எலும்பாகவோ, பதப்படுத்திய மாட்டெலும்பாகவோ, செயற்கைப் பொருளாகவோ இருக்கலாம். எதுவென முன்னரே கேட்டறிவது நம் உரிமை.

புகைப்பழக்கமும் கட்டுப்படாத நீரிழிவும் இச்சிகிச்சையைக் கெடுக்கும். செலவும் மிகுதி. கழற்றி மாட்டும் பொய்ப்பல்லும் பலருக்குப் போதுமானதே.

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்ட அன்பர்களே! பல் ஆடும்போதே அருகிலுள்ள அரசாங்கப் பல் மருந்தகத்தை நாடுங்கள். 'இப்பல்லைக் காக்க இயலுமா? பிடுங்கினால் அவ்விடத்தை எவ்வாறு நிரப்புவது?' என்று கேளுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவத் துறை இயங்கி வருகிறது. காலந்தாழ்த்தினால் பல்லுடன் எலும்பையும் இழப்போம்.