டோக்கன் வாங்குவதில் இருந்து பில் காட்டுவது வரை: கடைக்குப் போகிறவர்களுக்கு 15 குறிப்புகள்

மஞ்சப்பை கொண்டு போங்கள் என்கிறது அரசு. கொண்டு போனால் அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருகிறது கடை. உள்ளே விலை கேட்க ஆள் கிடைப்பதில்லை. பில் போட நீண்ட வரிசை. காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தால் "பையைக் காட்டுங்க" என்று நிறுத்துகிறார் செக்யூரிட்டி. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவானாலும் உங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டானாலும் பெரும்பாலும் இதே கதைதான். சத்தம் போடாமல், அதே சமயம் ஏமாறாமல் வாங்கிவர சில வழிகள்:

1. கடைக்குக் கிளம்பும்போதே பைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். துணிப்பையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டால் டோக்கன் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். பல கடைகள் ஏற வேண்டியிருந்தால் மளிகைக் கடையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் முடித்தால், அடுத்த கடை ஒவ்வொன்றின் வாசலிலும் அந்தச் சுமையை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும்.

2. டோக்கன் கவுன்ட்டரில் பையை நீட்டும் முன் பணம், நகை, செல்போன், வங்கி அட்டை, வீட்டுச் சாவி, வேளைக்குப் போட வேண்டிய மாத்திரை ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிப்பை மூடி, டோக்கனையும் பையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். "பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை மாட்டியிருப்பார்கள். ஆனால் பிறர் பொருளைப் பாதுகாக்க வாங்கி வைத்தவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். பை காணாமல் போனால், பலகையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிட வேண்டாம்.

3. லேப்டாப், பத்திரம், மருத்துவ அறிக்கை இருக்கும் பையை விட்டுப் போக மனம் வராது. வாசலில் வாக்குவாதம் செய்வதைவிட, "ஜிப்பில் டேக் போட்டுக் கொடுங்க, கையிலேயே வைத்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். பல சூப்பர் மார்க்கெட்டுகளில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை மாட்டி அனுப்புவார்கள். பில் போடும் இடத்திலோ வெளியே வரும்போதோ வெட்டிவிடுவார்கள்.

4. வேறு கடையில் வாங்கிய சோப்போ பவுடரோ பையில் இருந்தால் உள்ளே நுழையும்போதே காட்டிவிடுங்கள். அந்தப் பில்லைப் பையின் மேலாக வையுங்கள். வெளியே வரும்போது "இது எங்கே எடுத்தது?" என்ற கேள்விக்கே இடம் இருக்காது.

5. அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைக்கும் பில்லில் விழும் விலைக்கும் வித்தியாசம் வருவது அடிக்கடி நடக்கிறது. சலுகை முடிந்திருக்கும், சீட்டை மாற்றியிருக்க மாட்டார்கள். சலுகை விலைக்காகவே ஒரு பொருளை எடுக்கிறீர்கள் என்றால் அந்தச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் சேர்ந்தது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகச் சேர்த்தால் தர வேண்டியதில்லை.

6. காய், பழம், பருப்பு எடை போடும்போது தராசில் பூஜ்யம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். இனிப்பு வாங்கும்போது அட்டைப் பெட்டியின் எடையைக் கழித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். முந்திரி கத்லி விலையில் அட்டை வாங்க வேண்டாமே.

7. "போன் நம்பர் சொல்லுங்க" என்பார் பில் போடுபவர். பின்னால் நிற்கிறவர் காதிலும் விழும்படி நாமும் உரக்கச் சொல்வோம். மறுநாளிலிருந்து விளம்பரக் குறுஞ்செய்தி வரத் தொடங்கும். செல்போன் எண் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வணிகர்களை அறிவுறுத்தியது. "நம்பர் இல்லாமல் போடுங்க" என்று சொன்னாலே போதும். புள்ளிகள் சேர்க்க விரும்பினால் மட்டும் கொடுங்கள்.

8. நம் பையை வாசலில் வாங்கி வைத்துவிட்டு, பில் போடும்போது கேரி பேக்குக்குக் காசு கேட்பதுதான் பலருக்கும் எரிச்சல். முன்கூட்டியே தெரிவிக்காமல், பில் போடும் நேரத்தில் பைக்குக் கட்டணம் சேர்ப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் கூறியது. அதற்கு முந்தைய ஆண்டு சண்டிகரில், காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கிய காலணிக் கடை ஒன்று வழக்கில் தோற்று ஆயிரக்கணக்கில் பணம் கட்ட நேர்ந்தது. பொருளை எடுக்கும் முன்பே "பைக்குத் தனிக் காசா?" என்று கேட்டுவிடுங்கள், மடித்து வைத்த துணிப்பை இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

9. சில்லறைக்குப் பதில் சாக்லேட் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் கடைக்காரரிடம், எல்லா வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே அறிவித்திருப்பதைச் சொல்லுங்கள்.

10. பில்லை அந்த இடத்திலேயே பாருங்கள். ஒரே பொருள் இரண்டு முறை பதிவாவது, மூன்று வாங்கினால் நான்கு என்று விழுவது, சலுகை கழியாமல் போவது ஆகிய மூன்றும் கவனிக்க வேண்டியவை. வாசல் தாண்டிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. இயந்திரத்தில் வரும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, செருப்பு போன்று உத்தரவாதம் உள்ள பொருள்களின் பில்லை அன்றே படம் எடுத்து வையுங்கள்.

11. பெரிய ஜவுளிக் கடைகளில் துணி எடுப்பது ஒரு மாடி, பணம் கட்டுவது ஒரு இடம், பொருளைத் தருவது கீழே டெலிவரி கவுன்ட்டர் என்று இருக்கும். தீபாவளிக் கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் சட்டை நம் பைக்கும் நம் புடவை அவர் பைக்கும் போக வாய்ப்பு உண்டு. கவரைப் பிரித்து, எண்ணிக்கை, அளவு, நிறம், ரவிக்கைத் துணி எல்லாம் சரிபார்த்த பிறகு நகருங்கள். துணியில் மாட்டியிருக்கும் கெட்டியான பாதுகாப்பு டேக்கைக் கழற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள். மறந்தால் வாசலில் அலாரம் அடிக்கும். அடிக்காமல் தப்பினாலும் அதை வீட்டில் கழற்றினால் துணி கிழியும்.

12. வெளியே வரும்போது பில்லைக் கையில் வைத்திருந்து, கேட்டவுடன் காட்டுங்கள். வாங்கிய பொருளைப் பில்லோடு ஒப்பிட்டு முத்திரை குத்துவது அந்த ஊழியருக்குக் கொடுத்த வேலை. ஆனால் செக்யூரிட்டிக்குக் காவல்துறையின் அதிகாரம் கிடையாது. கைப்பைக்குள் அவர் கைவிட அனுமதிக்க வேண்டாம். தேவையென்றால் நீங்களே திறந்து காட்டுங்கள். உடலைத் தொட்டுச் சோதிக்க முற்பட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்ற விதி காவல்துறைக்கே உண்டு.

13. சந்தேகம் என்று சொல்லி நிறுத்தினால் ஓடவும் வேண்டாம், அழவும் வேண்டாம். மேலாளரை அழைக்கச் சொல்லி, கேமரா பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். தனி அறைக்குத் தனியாகப் போகாதீர்கள். எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே பேசுங்கள். தீரவில்லை என்றால் 112ஐ அழையுங்கள். ஒருவரை முறையின்றித் தடுத்து நிறுத்துவதும் அடைத்து வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 126, 127ஆம் பிரிவுகளின்படி குற்றம். குழந்தைகளை, குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பினால் பில்லைக் கேட்டு வாங்கவும், மிரட்டினால் உடனே வீட்டுக்குப் போன் செய்யவும் சொல்லிக்கொடுங்கள்.

14. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரி பில்லின் அடியில் இருக்கும். குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, அத்தைக்குப் பொருந்தவில்லை என்பதெல்லாம் குறை ஆகாது. அங்கே மாற்றித் தருவது கடையின் விருப்பம். எனவே பரிசுக்கு எடுக்கும் துணி என்றால் மாற்ற எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விலைச் சீட்டைக் கிழிக்காமல் வையுங்கள்.

15. விற்பனைப் பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கோபம் வரலாம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே 2021இல்தான் வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பையைச் சோதிப்பதும் சில்லறைக்கு மிட்டாய் தருவதும் அவர் எடுத்த முடிவு அல்ல. புகாரை மேலாளரிடம் சொல்லுங்கள். அங்கே பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். அடுத்தபடி மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்தான். அதனால் 10 ரூபாய் பொருளானாலும் பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.